ஜலசந்தி மூடியிருக்கிறது

பதினோரு நிமிடம்.
கேஸ் சிலிண்டர்க்காரன் ரசீது எழுத எடுத்துக்கொண்ட நேரம்.
கேட்டில் கொக்கி மாட்டவில்லை நான்.
செய்த பிழை அவ்வளவுதான்.
இல்லை, அதற்கு முந்தைய இரண்டு வருடமும்
'அடுத்த மாதம் கருத்தடை' என்று
சொல்லிக்கொண்டே இருந்ததையும் சேர்க்க வேண்டும்.
அடுத்த மாதம் கொதிகலன் பழுது.
அதற்கடுத்த மாதம் என் கடைவாய்ப் பல்.

மீகா. எங்கள் பேச்சில் ரொட்டித் துணுக்கு.
இரண்டே முக்கால் கிலோ,
நண்டுத் தொழிற்சாலைத் தராசில் நானே நிறுத்தது.
எதிர்த்தட்டில் இரண்டு பெரிய நண்டு வைத்தால்
அவள் மேலே எழும்பிவிடுவாள்.

அவன் யாரென்று தெரியும்.
எதிர்வீட்டு ஸ்லாவ்கோவின் பாம்பேரோ.
முந்நூறு ஆடுகளை ஒற்றை ஆளாய்
மலைச்சரிவில் திருப்புகிறவன்.

ஐம்பத்தாறாம் நாள் படகேறி
புந்தா அரேனாஸ் போனோம், எக்ஸ்ரே எடுக்க.
டாக்டர் யாஸ்னா திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஃபிலிமில் பென்சில் முனையை வைத்தாள்.
"ஒரே குட்டி. பங்குக்கு ஆளில்லாமல்
எல்லாவற்றையும் தானே தின்று வளர்ந்திருக்கிறது.
இது அதன் தலை.
இது அது வரவேண்டிய வழி."
இடையில் பென்சில் நுழையக்கூட இடமில்லை.

வெள்ளிக்கிழமை அறுவை என்று குறித்தாள்.
காலை மாலை காய்ச்சல்மானி வை.
முப்பத்தேழுக்குக் கீழே இறங்கினால் காத்திருக்காதே, வா.
குட்டிக்கு முன்னால் பச்சையாய் ஏதாவது கசிந்தால்
ஃபோன்கூடச் செய்யாதே, வா.
வா, வா என்றாள்,
நடுவில் கடலே இல்லாததுபோல.

புதன் விடியலில் முப்பத்தாறு புள்ளி எட்டு.
உதறி மறுபடி வைத்தேன்.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
வானொலி சொல்லிற்று:
காற்று நூற்றுப் பத்து, துறைமுகம் மூடியிருக்கிறது,
சிறிய கலம் பெரிய கலம் எதுவும் கிளம்பாது.
வயிற்றில் புளியைக் கரைத்தது.

கதவு தட்டினான் ஸ்லாவ்கோ.
இரண்டு மாதமாக முகம் பார்க்காதவன்.
கழற்றிய தொப்பியைப் பிசைந்துகொண்டு சொன்னான்:
"நாற்பது வருடமாக ஆட்டுக்குட்டி இழுத்துப்போடுகிறேன்."
அவன் விரல்களைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றும் மீகாவின் தொடை.
அவனும் பார்த்தான்.
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.
"லாரியில் ஹீட்டர் இருக்கிறது" என்றான்.

படகுத்துறையில் ஒன்பது மணி நேரம்.
நண்டுப் பெட்டியில், என் ஸ்வெட்டரில், அவள்.
முக்கினாள். நிறுத்தினாள்.
எழுந்து வட்டமடித்துப் பெட்டியின் மூலையைப் பிறாண்டினாள்.
என்னைப் பார்த்தாள்,
இதை எடுத்துவிடேன் என்பதுபோல,
காலில் குத்திய முள்ளுக்குப் பார்ப்பாளே, அதே பார்வை.
லாரியைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது.
நாங்கள் பேசவில்லை.
அவன் ஒருமுறை "என்னுடையவனைக் கட்டிப்போட்டிருக்கலாம்" என்றான்.
நான் ஆமாம் என்றேன்.

நாலு பத்துக்கு, பச்சை.
நாலு நாற்பதுக்கு, சங்கு.

என்ஜின் அறைதான் சூடு என்று
பெயர் தெரியாத ஒரு மாலுமி கூட்டிப்போனான்.
இரண்டரை மணி நேரம் டீசல் நாற்றத்தில்
அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தப்பும்போதெல்லாம்
ஒன்றிலிருந்து.

குட்டி அவள் தலையளவு இருந்தது.
பாம்பேரோவின் நெற்றிச்சுட்டியோடு.
மூச்சில்லை.
யாஸ்னா அதைத் துணியில் வைத்து
முழுதாய் ஏழு நிமிடம் தேய்த்தாள்,
பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு
கையை எடுக்காமலே நின்றாள்.

மீகா பிழைத்தாள்.
கருப்பையை எடுத்தாயிற்று,
இரண்டு வருடம் தள்ளிப்போட்டதை
ஒரே ராத்திரியில், ஆறு மடங்கு விலைக்கு.
பில்லில் பாதியை ஸ்லாவ்கோ வைத்தான்,
கம்பளி மணக்கும் நோட்டுகள்.

பால் மட்டும் வந்துவிட்டது, யாருக்கென்று கேட்காமல்.
தொழிற்சாலைக் கையுறை ஒன்றைக் கவ்விவந்து
படுக்கையில் வைத்து நக்குகிறாள்,
ஐந்து விரலையும், உள்ளங்கையையும்.
பிடுங்காதே, பத்து நாளில் தானே மறப்பாள்
என்றிருக்கிறாள் யாஸ்னா.

ஞாயிறன்று கேட்டருகே துளைக்கருவிச் சத்தம்.
கேட்காமலே புதுத் தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டிருந்தான்.
"பாம்பேரோவுக்கும் தேதி வாங்கிவிட்டேன்"
என்றான், என்னிடமில்லை, திருகாணியிடம்.
காபி வேண்டுமா என்று கேட்க நினைத்தேன்.
உள்ளே வந்து
கையுறையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.